வெட்டி வைத்த சத்தங்கள்

மார்கழி நெருங்கும்போது எங்கள் அயல்வீட்டு அக்கா வளையல்களைக் கழற்றி வைப்பார். கைக்கு மூன்றாக ஆறு வளையல்கள். அவற்றை வானொலிப் பெட்டியின் மேலிருந்த பீங்கான் தட்டில் வைத்தால், கிறிஸ்து பிறப்புக்குப் பன்னிரண்டாம் நாள் வரும் மூவிராசாக்கள் திருநாள் கழிந்த பின்பே மீண்டும் அணிவார். கணவர் இருக்கையில் வெறுங்கையோடு நடமாடும் பெண்ணை நேரே பார்க்க எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், இருந்த சைவப் பெண்கள் தயங்கினார்கள். விடியலில் அவர் எதிர்ப்பட்டால் படலைக்குள் திரும்பிப் போனவர்களும் உண்டு. வேதக்காரருக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கும் போலும் என்று என் தாயார் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். வேதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது அவருடைய கணவர் வகுத்த வழக்கம்.

அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்தவர். உயரமானவர், வெள்ளை அரைக்காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. களஞ்சியத்திலே திருகாணி ஒன்று உடைந்தாலும் எறியமாட்டார்கள். அதற்கு ஒரு மட்டைத்துண்டு கட்டி, என்ன பொருள், எவ்வளவு நீளம், எப்படிக் கெட்டது என்று எழுதிக் கழிவுப் பெட்டியில் போடவேண்டும். அந்த முறையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். குசினியில் உடைந்த அகப்பைக்கும் அவர் வீட்டில் மட்டைத்துண்டு உண்டு.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துப் போனபோது, அதிகாரி ஒருவர் இவருக்கு ஓர் ஒலிப்பதிவுப் பொறியைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு சில்லுகள் சுழலும் பெரிய பெட்டி. அன்று தொடங்கியது இவருடைய சேகரிப்பு. நத்தார் காலத்து, கிறிஸ்து பிறப்புக் காலத்து, வானொலியில் வரும் பாட்டுகள், வாழ்த்துகள், விளம்பரங்கள் எல்லாவற்றையும் பிடித்து வைப்பார். தேவாலயப் பாடல்களில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. வேடிக்கைப் பாட்டுகளே வேண்டும். மாட்டுத் தொழுவத்துக் கழுதை தும்மித் தும்மிப் பாலனைத் தாலாட்டுகிற பாட்டு ஒன்று. மூன்று பெண்கள் மணியோசைக்கு நடுவே பற்பொடியைப் புகழ்கிற பாட்டு ஒன்று. நத்தார் தாத்தா கப்பலைத் தவறவிட்டுத் துறைமுகத்தில் நின்று அழுகிற ஆங்கிலப் பாட்டு ஒன்று. இருமல் தைலத்துக்கு யாரோ ஆர்மோனியத்தோடு பாடிய தமிழ்க் கீதம். ஒவ்வொரு நாடாச் சுருளுக்கும் மட்டை, இலக்கம், நிலையத்தின் பெயர், காற்றின் திசை கூட.

இவ்வளவு வேடிக்கையைச் சேர்த்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் நாடாவில் பதிந்துவிடும்.

பொறியோடு வந்தது ஓர் ஒலிவாங்கி. அதைத் தலையணை ஒன்றின்மேல் வைத்து, வானொலிப் பெட்டியின் வாய்க்கு நேரே நிறுத்துவார். பாட்டு பெட்டியிலிருந்து காற்றில் வந்து ஒலிவாங்கியில் விழவேண்டும். அந்தக் காற்றில் வேறு எதுவும் விழக்கூடாது. பதிவு தொடங்கியதும் வலது கைச் சுட்டுவிரல் மேலே போகும். 'பேசாதே' என்றோ 'உஸ்' என்றோ அவர் சொல்லமாட்டார். சொன்னால் அதுவும் பதியுமே. விரல் மட்டும்தான். அது நிமிர்ந்தால் வீடு மூச்சை அடக்கிக்கொள்ளும். துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும்போது மாத்திரம் அவர் முகம் வாடும். கப்பல்களுக்கு விரலைக் காட்ட ஏலாதே என்று ஒருமுறை என்னிடம் வருந்தியிருக்கிறார்.

எவ்வளவு காத்தாலும் சில சத்தங்கள் உள்ளே வந்துவிடும். காகம், பல்லி, ஒழுங்கையில் திரியும் மான்கள் வேலியில் கொம்பு உரசுவது. அவற்றைச் சவர அலகால் நாடாவிலிருந்து வெட்டி எடுத்து, இரு நுனிகளையும் ஒட்டுவார். பாட்டில் ஒரு சொல் குறைந்தாலும் பரவாயில்லை, அழுக்கு இருக்கக்கூடாது. பதிவுக் காலத்தில் அக்கா செருப்பு அணிவதில்லை. சோறு ஆயத்தமானால் கூப்பிடுவதில்லை. வாசற்படியில் வந்து, அவர் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பார். ஒரு தடவை அரை மணித்தியாலம் அப்படி நின்றதை வேலிக்கு இப்பால் நின்று நான் கண்டேன்.

மற்ற மாதங்களில் அக்காவுக்குக் குரல் உண்டு. ஆனி, ஆடியில், தேங்காய் துருவும்போது அவர் முணுமுணுப்பது கிடுகு வேலி தாண்டி வரும். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு தெரிந்தது, மாலையில் விளக்கு வைத்து நான் ஓதும் பதிகத்தின் பண் அது. சொற்கள் இல்லை, அவை அவருக்கு உரியவை அல்ல என்று விட்டிருப்பார். பண் மட்டும் ஒரு சுரமும் பிசகாமல் வரும். நான் தந்தையாரிடம் ஆறு வருடம் அடி வாங்கிக் கற்ற பண்.

மூவிராசாக்கள் திருநாளன்று மாலை, அந்த வருடம் பிடித்தவற்றை அயலாருக்குப் போட்டுக் காட்டுவார். கதிரைகளை வரிசையாக வைத்து எங்களை இருத்துவார். முட்டை சேர்ந்த கேக்கை நான் தொடமாட்டேன் என்பதால் அக்கா எனக்கென்று பயற்றம் பணியாரம் செய்து, ஒரு சொல்லும் சொல்லாமல் என் பக்கம் தட்டைத் தள்ளிவைப்பார். தும்முகிற கழுதை பாடத் தொடங்கியதும் சுங்கக் கந்தோர் அலுவலர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். விரல் எழுந்தது. மனிதர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இருமினார். அப்போது நடந்தது பதிவு அல்ல. பதிந்ததைப் போட்டுக் காட்டுவது மாத்திரமே. சிரித்தால் எதுவும் கெட்டுப்போகாது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பணியாரம் தின்றேன்.

என்னிடம் அவர் வந்தது ஒரு கார்த்திகைக் கடைசியில். மார்கழியில் பத்து நாள், விடியுமுன் என் படலையில் அடியார்கள் கூடுவோம். நான் சங்கு ஊத, சேமக்கலம் ஒலிக்க, பாடிக்கொண்டு ஒழுங்கை வழியே கோயிலுக்குப் போவோம். வெளிநாட்டு நிலையங்களின் நத்தார் நிகழ்ச்சிகள் சிற்றலையில் தெளிவாகப் பிடிபடுவதும் அதே விடியற்புறத்தில்தான்.

"தம்பி, நீங்கள் குறை நினைக்கப்படாது. உங்கடை பாட்டிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது என்ரை பாட்டுக்கை வந்து விழுகுது."

"எவ்வளவு நேரம் அண்ணை நிப்பாட்டவேணும்?"

"அரை மணித்தியாலம். முடிஞ்ச உடனை விறாந்தை லைற்றைப் போடுறன். அதுக்குப் பிறகு நீங்கள் ஊதுங்கோ, அடியுங்கோ, என்னவும் செய்யுங்கோ."

"சுவாமி காத்திருக்கிறாரே அண்ணை."

"உங்கடை சுவாமிக்கு வருசம் முழுக்க நேரம் இருக்கு. எனக்கு இந்த ஒரு மாசம்தான்." பிறகு தாழ்ந்த குரலில், "உங்கடை குரல் சாதாரணக் குரல் இல்லை. சுவரைத் துளைச்சுக்கொண்டு வருது," என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே நான் சம்மதித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான். அன்றிலிருந்து பல மார்கழிகள், திருநீறு பூசி ஈரத் தலையோடு பத்துப் பன்னிரண்டு அடியார்கள், அயல்வீட்டு விறாந்தை மின்விளக்கு எரிவதைப் பார்த்தபடி என் படலையில் ஊமைகளாக நின்றோம். சேமக்கலம் அடிப்பவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், வாய்த்துடுக்குள்ளவர்.

"ஐயா, அந்தாள் எங்களுக்கும் ஒரு சுவிச்சு வச்சிருக்கு," என்பார்.

நான் கண்ணால் அதட்டுவேன். ஒழுங்கையில் அடியார் இருமினாலும் நாடாவில் கேட்கிறது என்று மறுநாள் எனக்கு முறைப்பாடு வரும்.

சில வருடங்களுக்குப் பின் ஒரு மாலை, லிங்கநகரிலிருந்து வானொலி திருத்துபவர் ஒருவரை வரவழைத்திருந்தார். நானும் அங்கிருந்தேன். பெட்டியைத் திருத்தி மூடிய அந்த மனிதர், தலையணையையும் ஒலிவாங்கியையும் பார்த்துவிட்டு, தம் பையிலிருந்து ஒரு வயரை எடுத்தார்.

"ஐயா, இதின்ரை ஒரு நுனியை றேடியோவிலை குத்துங்கோ, மற்ற நுனியை ரேப்பிலை குத்துங்கோ. முடிஞ்சுது. பக்கத்திலை இருந்து மேளம் அடிச்சாலும் பதியாது."

"வயருக்குள்ளாலை வாற பாட்டு செத்த பாட்டு. பாட்டு காத்திலை வரவேணும்."

"காத்திலை வந்தால் காகமும் வரும் ஐயா."

"வந்தால் வெட்டுவன்."

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றார் அக்கா. மார்கழி, கைகள் வெறுமையாக இருந்தன. அவர் பார்வை அந்த வயரிலேயே இருந்தது. தேநீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வயரை மேசையில் விட்டுத் திருத்துபவர் புறப்பட்ட பிறகு, என்னைப் படலைவரை கூட்டிவந்த அக்காவின் கணவர் சொன்னார்:

"அதைப் போட்டால், தம்பி, வீட்டிலை இருக்கிற எல்லாரும் கதைக்கத் தொடங்கிவிடுவினம்."

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர்.

மறுநாள் கிணற்றடியில் வேலிக்கு மேலாக அக்கா என்னைக் கேட்டார், மிக மெதுவாக. "தம்பி, அந்த வயர் எவ்வளவு நீளம் வருமாம்?"

"ரெண்டு அடி காணுமாம் அக்கா."

"ரெண்டு அடி," என்று அதைத் திருப்பிச் சொன்னார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் நாள் தவறாமல் ஓதிய பதிகங்களில் அடியார் இறைவனிடம் இரப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: என் குரல் உன் செவியில் விழவேண்டும். அந்த ஒன்றை ஒரு பெண் என் முன்னே நின்று கேட்டாள். நீளத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவரிடம் போய், 'அண்ணை, அந்த வயரைப் போடுங்கோ' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூத்தவர், அவருடைய வீடு, அவருடைய மனைவி என்று எனக்கு நானே நியாயம் வைத்தேன்.

அக்கா இறந்தது அதற்கு மூன்றாம் மார்கழியில்.

அன்று நத்தாருக்கு இரண்டு நாள் இருந்தது. பனி அதிகம். கடற்காற்றும் விழுந்துவிட்டிருந்தது. நாங்கள் படலையில் நின்றோம். என் கையில் சங்கு. உள்ளே வானொலியில் யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாடுவது வேலிக்கு வெளியே மெல்லக் கேட்டது. அப்போது குசினிப் பக்கம் ஒரு செம்பு சீமெந்துத் தரையில் விழுந்து, நெடுநேரம் உருண்டு, எதிலோ முட்டி நின்றது.

"அங்கை ஆரோ விழுந்திட்டினம் போல, ஐயா," என்றார் சேமக்கலக்காரர். சொல்லிக்கொண்டே படலைக் கொளுக்கியில் கை வைத்தார்.

நான் அவரைத் தடுத்தேன். பதிவு நடக்கிறது, இந்த மனிதரின் கரகரத்த குரல் உள்ளே போய்ச் சேரும், நாளைக்கு எனக்கு முறைப்பாடு வரும். அந்தக் கணத்தில் என் மனத்தில் ஓடியது இவ்வளவும்தான். எத்தனை மார்கழியாக ஒரு கரண்டியைக்கூடத் தவறவிடாத கை அது என்பது தோன்றவில்லை.

பத்து நிமிடம் கழித்து விறாந்தை விளக்கு எரிந்தது. நான் சங்கை ஊதினேன். சேமக்கலம் முழங்கியது. அவர் வீட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டே போனோம்.

விளக்கைப் போட்டுவிட்டு, சுருளை எடுத்து மட்டை எழுதிவிட்டுத்தான் அவர் குசினிக்குப் போயிருக்கிறார். கண்டதும் வாசலுக்கு ஓடிவந்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனிதர் வாழ்நாளில் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறை. எங்கள் சங்கொலியில் அது எவர் காதிலும் விழவில்லை. பூசை முடிந்து திருநீறும் பிரசாதமுமாக நாங்கள் திரும்பியபோது வாசலில் சனம் நின்றது. 'கொஞ்சம் நேரத்தோடை கொண்டுவந்திருந்தால்' என்று தொடங்கிய ஆசுபத்திரி வைத்தியர், அவருடைய முகத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாராம்.

பிரேதத்தை ஒழுங்குசெய்த பெண்கள் பீங்கான் தட்டிலிருந்து வளையல்களை எடுத்து இரு கைகளிலும் இட்டார்கள். மார்கழி மாதத்தில் அக்காவின் கையில் வளையலைக் கண்டது அன்றுதான். அவருடைய கணவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"செம்பு விழுந்தது கேட்டது தம்பி. நான் திரும்பிப் பாக்கேல்லை. விரலைத் தூக்கினன். அவள் பிறகு ஒரு சத்தமும் போடேல்லை," என்றார். அதை முறைப்பாடாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று என்னால் இன்றுவரை நிச்சயிக்க முடியவில்லை.

அந்த வருடமும் மூவிராசாக்கள் திருநாளுக்கு அயலாரை அழைத்தார். துக்க வீட்டில் எப்படி மறுப்பது என்று போனோம். கேக்கும் இல்லை, பணியாரமும் இல்லை. சுருளைப் போட்டார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாடினார்கள். செம்பு விழவேண்டிய இடத்துக்காக என் காதுகள் காத்திருந்தன. அது வரவேயில்லை. பாட்டு ஒரு மடிப்பும் இல்லாமல் ஓடி முடிந்தது.

"சுத்தமாய் வந்திருக்கு, என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வெட்டியிருக்கிறார். மனைவி கடைசியாகக் கொடுத்த ஓசையை, காகத்தை வெட்டுவதுபோல் அலகால் வெட்டியிருக்கிறார். "ஓம் அண்ணை," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த கார்த்திகைக் கடைசியில், அதே அரைக்காற்சட்டையோடு, அதே வேண்டுகோளோடு என் படலைக்கு வந்தார்.

"ஏலாது அண்ணை," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "நீங்களும் சத்தமில்லாமல் நிக்கப் பழகினவர்தானே தம்பி," என்று மட்டும் சொல்லித் திரும்பினார். அதை நான் பழைய உபகாரத்தை நினைவூட்டும் சொல்லாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த மார்கழி முதல் நாள் அவர் வீட்டு வாசலில் நின்று, மூச்சு முட்டும்வரை சங்கு ஊதினேன். அதில் பக்தி இல்லை. இறைவனை எழுப்பும் கருவியை ஒரு மனிதனின் முகத்தில் எறியும் கல்லாக்கினேன். உள்ளே வெளிச்சம் இருந்தது, யன்னல் மூடியிருந்தது. பத்து நாளும் அப்படியே செய்தேன். ஒழுங்கையில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். செத்த அக்காவுக்காக நான் வழக்குப் பேசுவதாக நானும் நம்பினேன். அதன் பிறகு அவரோடு கதைக்கவில்லை. கந்தோருக்குப் போகும்போது எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் ஒன்பது வருடம் அந்த வீட்டில் தனியே இருந்து, ஒரு பங்குனியில் செத்துப்போனார். சாவீட்டுக்கு நான் போகவில்லை.

எட்டாம் நாள் கழிந்து, நீர்கொழும்பிலிருந்து வந்திருந்த அவருடைய தமக்கை மகன் என் படலையைத் தட்டினார். நடுத்தர வயது மனிதர். வானொலியையும் பொறியையும் சுருள்களையும் வான் வண்டியில் ஏற்றியாயிற்று என்றார். கையில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருந்தது.

"இதிலை 'அயல் வீட்டாருக்கு' எண்டு மாமா எழுதி ஒட்டியிருக்கிறார். நீங்கள்தானே?"

"ஓம், நான்தான்."

"உள்ளை எல்லாம் வெட்டின துண்டுகள். என்னத்துக்கு வச்சிருந்தாரோ தெரியாது. சரியான விசர்."

அவர் போனபின் திறந்தேன். களஞ்சியத்துப் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. வெட்டிய ஒரு துண்டையும் எறியவில்லை. ஒவ்வொரு நாடாத் துண்டும் சுருட்டி, நூலால் கட்டி, மட்டை தொங்க இருந்தது. அந்த உருண்டையான கையெழுத்து. 'காகம்.' 'மான்.' 'கப்பல்.' 'அயல் - பதிகம்', அது நிறைய. 'மனைவி - இருமல்.' 'மனைவி - வளையல்', அது தொடக்க காலத்தது. 'மனைவி - கூப்பிட்டது', அது ஒன்றே ஒன்று. என் சங்கு பத்தும் இருந்தன, முதல் நாள் இரண்டாம் நாள் என்று இலக்கமிட்டு. பெட்டியின் அடியில் வயர், பிரிக்காத சுருளாக: 'வயர். இரண்டு அடி. பாவிக்கவில்லை.'

வயருக்குக் கீழே ஒரு துண்டு தனியாகக் கடதாசியில் சுற்றியிருந்தது. அதன் மட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அதை நான் எவரிடமும் கொடுத்து ஓடவிட்டுக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சேமக்கலக்காரரை அன்று எப்படித் தடுத்தேன் என்பதை மனைவியிடமும் சொல்லாமல், ஓதும்போது இறைவனிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. அத்தனை வருடமும் அவர் வாய் திறக்கவில்லை.

'மனைவி - செம்பு. அயல் - உஸ் என்றது. ஒன்றரை அடி.'